ஸகாரிச்சின் கதவு

"எல்லாரும் வெளியே! துறைமுகத் தலைவரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். தனியா அழைப்பு அனுப்பணுமா?"

அந்தக் காலத்தில், வோல்கா ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊர் ஆண்கள் குளியல்மனையில், சனிக்கிழமை காலையில் ஸகாரிச் வாயைத் திறந்தால் இப்படித்தான் திறப்பார். உடம்பில் ஒரு நூல் கிடையாது. தலையில் மட்டும் காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. கையில் நீண்ட மரப்பிடி போட்ட அகப்பை. நீராவி அறையின் மேல்படியில் சொகுசாகக் கால் நீட்டியிருந்தவர்கள் முனகிக்கொண்டே இறங்கி வெளியே போவார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வேலையைத் தொடங்குவார். முதுகில் அடித்துக்கொள்ளும் கிளைக்கட்டுகளிலிருந்து உதிர்ந்து படிகளில் ஒட்டிக்கிடக்கும் பிர்ச் இலைகளைத் துடைப்பத்தால் தள்ளுவார். பலகைகளைக் கழுவிவிடுவார். சின்னச் சன்னலைத் திறந்து பழைய காற்றை விரட்டிவிட்டு மறுபடி மூடுவார். பிறகு கணப்பின் இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே கனன்று கிடக்கும் கற்கள்மேல் அகப்பை அகப்பையாகத் தண்ணீரை வீசுவார். புதினா ஊறிய தண்ணீர் கொஞ்சம், ரொட்டியைப் புளிக்கவைத்த க்வாஸ் பானம் கொஞ்சம். க்வாஸ் விழுந்ததும் அறை முழுக்க அப்போதுதான் சுட்ட ரொட்டி மணக்கும்.

வெளியே அம்மணக் கூட்டம் குளிரில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு கதவையே பார்க்கும். "வாங்க" என்று அவர் சொன்னால்தான் உள்ளே நுழையலாம். கடைசி ஆள் வந்ததும், "கதவைச் சாத்து, சூடு போகுது!" என்று ஓர் அதட்டல் போடுவார். அதற்கப்புறம் அவர் தலையசைக்கிறவரை அந்தக் கதவை எவனும் தொடக் கூடாது.

இன்று எழுபது தாண்டி, குச்சி ஊன்றி நடக்கிற ஸகாரிச்சைப் பார்க்கிறவர்களுக்கு இது நம்ப முடியாத கதை. இப்போதும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். ஆனால் அகப்பையைக் கையால் தொடுவதில்லை, மேல்படிக்கு ஏறுவதுமில்லை. கதவையொட்டிக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்கிறார். புது ஆட்கள் அவரைச் சூடு தாங்காத கிழவர் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

முழுப்பெயர் க்ளேப் ஸகாரொவிச். அப்போது வயது நாற்பதுகளின் பாதி. வோல்கா துறைமுகத்தின் கிடங்கில் எடை பார்க்கிற வேலை. தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பார்களே, அதில் இவர் துறைமுகத்தில் பூனை. மேலதிகாரி யார் கத்தினாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கிடங்கில் மூட்டை நனைந்தால் திட்டு அவருக்கு; மழை பெய்ததற்கும் அவருக்குத்தான். மனைவி என்றோ லெனின்கிராதுக்குப் போய்விட்டாள். சமையலறையைப் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளும் ஓர் அறையில் ஒற்றை ஆளாக இருந்தார்.

பழைய நீராவிக்காரர் ஒருநாள் வராமல் போனபோது, சும்மா கிடந்த அகப்பையை எடுத்தவர் இவர். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரமும் எடுத்தார். அதற்கடுத்த வாரம், திங்கட்கிழமைதோறும் தன்னைத் திட்டுகிற துறைமுகத் தலைவரை, தொப்பையும் தானுமாக, நடைவழியில் நடுங்க வைத்தார். அன்று அவர் நாக்கில் பட்ட ருசி சாதாரண ருசியா? "துணியக் கழட்டின பொறவு பதவி ஏது, பட்டம் ஏது? இங்க சூட்டுக்குத்தான் மரியாத" என்பார். உண்மையில் மரியாதை அவருக்குத்தான் வேண்டியிருந்தது. அவர் தருகிற சூட்டில் மூச்சு முட்டும், காது நுனி எரியும். முதலில் இறங்குகிறவன் ஆம்பிளை இல்லை என்று ஒரு பேச்சு வேறு அங்கே உண்டு. எனவே வெந்துபோனாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஸகாரிச், இது குளியலா, சூப்பு வைக்கிறியா?" என்று டிராம் ஓட்டுகிற ரினாத் மட்டும் கேட்பான். அவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன்தான்.

"சூப்புன்னா உன்னப் போட மாட்டேன். கறி தேறாது."

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே? குளித்து முடித்து, துணியைச் சுற்றிக்கொண்டு, மர பெஞ்சில் உப்புமீனைத் தட்டி உரித்தபடி, ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி அடித்துக்கொண்ட சனிக்கிழமைகள் அவை. இன்று வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் வந்துவிட்டது. சண்டை போட ஆள் இல்லை.

அந்தக் குளியல்மனையில் ஸகாரிச்சை விடப் பெரிய அதிகாரம் ஒன்று இருந்தது. அது நுழைவாயிலில், அனுமதிச்சீட்டு கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. சன்னல் அவ்வளவு சின்னது. எவ்வளவு பெரிய ஆளும் அதற்குமுன் குனிந்தே ஆக வேண்டும். ரயீசா உள்ளே இருந்து "இடமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மேல்முறையீடே கிடையாது. கணவனை ஆற்றுக்குப் பறிகொடுத்தவள். சிரித்தால் கன்னம் இரண்டும் கண்ணை மூடிவிடும். குளித்து முடித்து வெளியே போகிற ஒவ்வொருவரையும் பார்த்து, எங்கள் ஊர் வழக்கப்படி, "நீராவி இலேசா இருந்துச்சா?" என்று கேட்பாள். கேட்கிறவள் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருக்கும்.

"இலேசா? அதுல இரும்ப உருக்கலாம்" என்று முதல் தடவை ஸகாரிச் பெருமையடித்தார்.

"இரும்பா வந்து குளிக்குது? மனுஷங்கதானே வர்றாங்க?" என்றாள்.

அன்றிலிருந்து மனிதர் சரியில்லை. ஜூன் மாதம் ஆற்றைக் கடந்து போய், முதுகில் அடித்துக்கொள்வதற்கான பிர்ச் கிளைகளை வெட்டிக் கட்டுகிறவர், நல்ல கட்டுகளை எல்லாம் அவள் சன்னலில் விற்பதற்கென்று கொண்டுவந்து இறக்கினார். ஒருநாள் லிண்டன் பூவைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி நீட்டினார்.

"இருமலுக்கு நல்லது, ரயீசா ஃபோமினிஷ்னா."

"எனக்கு இருமல் இல்லையே."

"வரும்போது ஆகும்."

வரிசை மொத்தமும் சிரித்தது. அவள் பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தாள். இலையுதிர்காலம் முடிவதற்குள் "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. ரயீசா ராயாவானாள், அவர் க்ளேபாவானார். ஆற்றில் பனி உடைந்து முதல் கப்பல் வந்ததும் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. அவள் தகப்பனார் ஃபோமா இலிச், ஆற்றில் மிதவை விளக்கேற்றுகிற வேலை பார்த்து ஓய்ந்தவர், மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீந்தத் தெரியுமா?" தெரியும் என்றதும், "அப்பச் சரி" என்று தேநீரைத் தட்டில் ஊற்றி உறிஞ்சத் தொடங்கிவிட்டார்.

ஃபோமா கிழவருக்குக் குளியல்மனை என்றால் உயிர். நடுப்படியில் ஓரமாக உட்கார்ந்து, அதிகம் பேசாமல் வியர்த்துவிட்டுப் போவார். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஸகாரிச் அவரை அங்கே உட்கார விடவில்லை.

"என் மாமனார் நடுப்படியிலயா? மேல வாங்கப்பா. சுவரோரம், அதுதான் ராஜா எடம்."

சுவரோரம்தான் அறையிலேயே அதிகம் சுடுகிற இடம். எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை அது. கிழவர் மறுக்கத் தெரியாமல் ஏறினார். ஸகாரிச் அன்று தன் வித்தை முழுவதையும் இறக்கினார். வருங்கால மாமனாருக்கு முன்னால், இத்தனை பேர் தன் சொல்லுக்கு அடங்கி உட்கார்ந்திருக்கிற காட்சியைக் காட்ட வேண்டாமா? கற்கள்மேல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. துறைமுகத் தலைவர் தலையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டார்.

"எப்படியிருக்குப்பா?"

"நல்லா இருக்கேன்" என்றார் கிழவர்.

கொஞ்சம் கழித்து அவர் மெல்ல இறங்கி வந்தார். "க்ளேபா, கதவு..." என்றார். ஸகாரிச் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"பொறுங்கப்பா, இப்பத்தான் சூடு படிய ஆரம்பிச்சிருக்கு. இப்பத் திறந்தா எல்லாம் பாழ். நான் தலையாட்டறேன், அப்பப் போகலாம்."

"சரிப்பா" என்றார் ஃபோமா. தலையாட்டலுக்குக் காத்து நின்றார். நின்றபடியே சரிந்தார்.

ஸகாரிச்தான் அவரை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆம்புலன்ஸ் வந்தது. உயிர் தப்பியது, இடது கால் மட்டும் இழுத்துக்கொண்டது. ஆண்கள் எல்லோரும் ஒரே வாய்ப்பாட்டைச் சொன்னார்கள்: வயசாச்சு, அவ்வளவுதான். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை எல்லோருமாகச் சேர்ந்து செய்துவிட்டார்கள். ஸகாரிச்சின் ஆட்சி அவ்வளவு பலமாக இருந்தது. கிழவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நாந்தாம்மா ஆசப்பட்டு மேல ஏறிட்டேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

ராயா ஸகாரிச்சின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீ தூக்கிட்டு ஓடலன்னா எங்கப்பா இல்ல, க்ளேபா" என்று அழுதாள்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த வாரம் அவள் முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட அப்பம் கொண்டுவந்தாள். ஒரு துண்டு பிய்த்தவர் அதை அப்படியே தட்டில் திருப்பி வைத்துவிட்டார். துறைமுகத்தில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறார். செய்யாததற்குத் திட்டு வாங்குவது பழகிப்போன சங்கதி. செய்த தப்புக்கு நன்றி வாங்குவது பழக்கமில்லை. நேராகப் பார்க்கிற அந்தக் கண்களுக்கு முன்னால் அவரால் இருக்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் ஏப்ரலில் கல்யாணம். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அப்படியும் அந்தச் சனிக்கிழமை வரிசையில் போய் நின்று, தன் முறை வந்ததும் சன்னலுக்குள் குனிந்தார்.

"ராயா, நான் கதவ அடைச்சுக்கிட்டு நின்னேன்."

"எந்தக் கதவ?"

பின்னாலிருந்து ரினாத் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். "ஸகாரிச், உளறாத. சீட்ட வாங்கிட்டு வா."

"அன்னிக்கு உங்கப்பா வெளிய போகணும்னாரு. நான் விடல. நான் தலையாட்டினாத்தான் போகணும்னு நிக்க வச்சேன். அவரு ஆசப்பட்டு ஏறல, ராயா. நான்தான் ஏத்தினேன். அவரு முன்னால பெரிய ஆளா நிக்கணும்னு ஏத்தினேன்."

ரயீசா கிழித்து வைத்திருந்த சீட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"க்ளேப் ஸகாரொவிச், உங்களுக்கு இடமில்லை" என்றாள். சன்னல் பலகை இறங்கியது.

"மடையா, உன்ன யாரு கேட்டா?" என்று ரினாத் தலையிலடித்துக்கொண்டான். ஸகாரிச் வெளியே போய்ப் பனியில் நின்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது; அதே சமயம் வாழ்க்கையில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதும் தெரிந்தது. மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

அகப்பை ரினாத்தின் கைக்குப் போனது. நல்ல பையன், வாய்த்துடுக்கைத் தவிர வேறு குற்றமில்லாதவன். அவனும் இரண்டாவது வாரமே, "எல்லாரும் வெளியே!" என்று கத்தத் தொடங்கிவிட்டான். அகப்பையின் ராசி அது.

ஸகாரிச் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிர்ச் கிளைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். முறை வரும்போது குனிவார். "இடமில்லை" என்பாள். உள்ளே பாதி அறை காலியாக இருக்கும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, முற்றத்தில் விறகடுக்கின் பக்கம் போய் உட்காருவார். மற்றவர்கள் சிவந்த முகத்தோடு வெளியே வருகிறவரை அங்கேயே இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் வாளித் தண்ணீரில் உடம்பைக் கழுவிக்கொள்வார். யாராவது பரிதாபப்பட்டால், "அவ சன்னல், அவ இஷ்டம்" என்பார். பனி உடைந்தது. முதல் கப்பல் ஊதிக்கொண்டு வந்தது. அன்றும் அவர் கிடங்கில் எடைதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூனில் வழக்கம்போல ஆற்றைக் கடந்து போய்க் கிளை வெட்டிக் கட்டி, அவள் வராத வேளையாகப் பார்த்துக் குளியல்மனை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவள் அதைத் தூக்கி எறியவில்லை, விற்கவும் இல்லை.

ஃபோமா கிழவர் வீட்டில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை விடிந்தால் போதும், தகரத் தொட்டியில் சோப்பும் கம்பளித் தொப்பியும் எடுத்து வைத்துக்கொண்டு, கோட்டையும் மாட்டிக்கொண்டு, கதவோரம் முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். மகள் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும்போதும் அதே கோட்டோடு அதே முக்காலியில் இருப்பார். கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். கடைசியில் டாக்டரே மனமிரங்கி, இளஞ்சூட்டில், கீழ்ப்படியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்றால் போகட்டும் என்றார்.

இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, ஸகாரிச் வழக்கம்போலக் குனிந்து "இடமில்லை"க்குக் காத்திருந்தார். சன்னலில் இரண்டு சீட்டுகள் வந்து விழுந்தன. அவர் தொடவில்லை, பின்னால் நிற்பவருக்கு என்று நினைத்துவிட்டார்.

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு அப்பாவுக்கு" என்றாள் ரயீசா. முகம் கல்லாகத்தான் இருந்தது. "ரினாத்தோட அனுப்பறேன்னு சொன்னேன். வேண்டாம், க்ளேப் வரட்டும்கறாரு. எப்ப அளவு மீறும்னு அவனுக்குத்தான் தெரியும், மத்தவனுக்கு இன்னும் தெரியாதாம். நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"கதவு..." என்றாள்.

"தெரியும், ராயா."

வாசல் பெஞ்சில் கோட்டோடு காத்திருந்த கிழவரை உடுப்பு மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்க் காலுறையைக் கழற்றினார்; தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். இடுப்பில் கைகொடுத்து நடத்திக்கொண்டு போனார். பெஞ்சில் உப்புமீன் தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நீராவி அறைக்கு முன்னால் ரினாத் அகப்பையோடு நின்றான்.

"ஒரே ஒரு தடவ குடு, ரினாத். அப்புறம் கேக்க மாட்டேன்" என்றார் ஸகாரிச். கெஞ்சலாகவே கேட்டார். ரினாத் கொடுத்தான்.

ஒருவரையும் அவர் விரட்டவில்லை. "கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றார். அவர்களுக்கே அது புதிதாக இருந்தது, எழுந்து போனார்கள். இலைகளைத் தள்ளினார், பலகைகளைக் கழுவினார், சன்னலைத் திறந்து மூடினார். லிண்டன் பூ ஊறின தண்ணீரை அகப்பையின் அடி மறைகிற அளவுக்கு எடுத்துக் கற்கள்மேல் தெளித்தார். கற்கள் சீறக்கூட இல்லை. பெருமூச்சு விட்டதோடு சரி. தேனடை உடைத்தது போல ஒரு வாசனை எழுந்தது. அகப்பையைச் சுவரில் மாட்டிவிட்டு, "வாங்க" என்றார்.

கிழவரைக் கதவையொட்டிக் கீழ்ப்படியில் உட்கார வைத்தார். கடைசியாக வந்த துறைமுகத் தலைவர் பழக்க தோஷத்தில் கதவை இழுத்துச் சாத்தினார். ஸகாரிச் அதைத் திறந்து, இடுக்கில் தன் வெறுங்காலை வைத்துக்கொண்டு நின்றார்.

நடைவழிக் குளிர் உள்ளே வந்தது. நீராவி அவர் தோளைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஸகாரிச், சூடு போகுது!" என்று துறைமுகத் தலைவர் கத்தினார்.

"கதவைச் சாத்து!" என்று மேல்படியிலிருந்து ரினாத் அதட்டினான். அச்சு அசல் அவருடைய பழைய குரல்.

ஃபோமா கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் அரும்பும் வேர்வையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எத்தனை மாதம் கழித்து வருகிற வேர்வை! "சாத்திக்கப்பா. அவங்களுக்குக் குளிருதுல்ல. நான் நல்லா இருக்கேன்" என்றார்.

நல்லா இருக்கேன் என்றுதான் அன்றைக்கும் சொன்னார். ஸகாரிச் காலை எடுக்கவில்லை. கதவு மெல்லத் தானாகச் சாய்ந்து வந்து பாதத்தில் இடித்தபோது, இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தார்.